குடித்தால் கார் எத்தனை சென்டிமீட்டர் அலைகிறது? சிமுலேட்டர் ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குடித்துவிட்டு ஓட்டுவது ஆபத்து என்று நிரூபிக்க யாரும் சிமுலேட்டர் (கார் ஓட்டுவதைத் திரையில் நகலெடுக்கும் கருவி) வாங்க வேண்டியதில்லை. அது எப்போதோ நிரூபணமாகிவிட்டது. மூச்சில் மதுவை அளக்கும் பிரெத்தலைசரை 1954-இல் உருவாக்கிய ராபர்ட் போர்கென்ஸ்டைன், அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார். விபத்தில் சிக்கியவர்களையும், விபத்து நடந்த அதே மாதிரியான இடத்திலும் நேரத்திலும் பத்திரமாகக் கடந்து போனவர்களையும் நிறுத்தி, இரு தரப்பின் மூச்சையும் ஒப்பிட்டார். 1964-இல் வந்த அந்த அறிக்கைதான் பின்னால் பல நாடுகளின் சட்ட வரம்புகளுக்கு அடித்தளமானது.

ஆனால் அந்த வகை ஆய்வு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாது. மது உள்ளே போனதும் ஓட்டுவதில் எது முதலில் கெடுகிறது? ஸ்டியரிங்கா, பிரேக் பிடிக்கும் வேகமா, பக்கவாட்டில் வருவதைக் கவனிப்பதா, துணிச்சலா? எந்த அளவில் எது? இதைப் பார்க்க ஒருவருக்கு அளந்து மது கொடுத்து ஓட்டவிட வேண்டும். நிஜச் சாலையில் அதைச் செய்வது மிகக் கடினம். அதற்குத்தான் சிமுலேட்டர்.

இந்த ஆய்வைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மோதலை எதிர்பார்த்து உட்காருகிறார்கள். மோதல் அரிதாகத்தான் வரும். வந்தாலும் ஒன்றிரண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நீங்கள் தேட வேண்டியது சில சென்டிமீட்டர் அலைச்சல். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தடத்தின் அகலம் 3.5 மீட்டர், காரின் அகலம் 1.8 மீட்டர் என்றால், நடுவில் போகும் காருக்கு இருபுறமும் 85 செ.மீ. இடம் இருக்கிறது. கார் தடத்துக்குள் இடவலமாக அலையும் அளவின் திட்டவிலக்கம், அதாவது சராசரி நிலையிலிருந்து சிதறும் அளவு, தெளிந்த நிலையில் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அது 24 ஆனால் வித்தியாசம் 4 செ.மீ.தான், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாது. ஆனால் அலைச்சல் மணிவடிவப் பரவலில் அமைகிறது என்று கொண்டால், சக்கரம் கோட்டைத் தாண்டும் வாய்ப்பு ஏறக்குறைய 19 மடங்காகிறது. இனி சொல்லப்போகும் எல்லாப் படிகளும் இந்த 4 செ.மீ.யை மற்ற இரைச்சலிலிருந்து காப்பாற்றுவதற்காகத்தான்.

படி 1: கேள்வியைக் குறுக்குங்கள்

"மது ஓட்டுவதைப் பாதிக்கிறதா" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. "0.05 சதவீத ரத்த மது அளவில், ஒரே சீரான நெடுஞ்சாலை ஓட்டத்தில், தட அலைச்சல் போலி பானம் (மதுபோல் தோன்றும், ஆனால் கிட்டத்தட்ட மதுவே இல்லாத பானம்) குடித்த நாளைவிட எவ்வளவு கூடுகிறது" என்பது கேள்வி. ஒரே ஒரு முதன்மை அளவீட்டைத் தேர்ந்தெடுத்து, தரவு சேர்க்கும் முன்பே எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். சிமுலேட்டர் ஒரு ஓட்டத்துக்கு நூறு விதமான எண்களைத் துப்பும். முன்பே முடிவு செய்யாவிட்டால், அதில் ஏதாவது ஒன்று தற்செயலாக உங்களுக்குச் சாதகமாக நிற்கும், நீங்களும் அதைக் கட்டிக்கொண்டு விடுவீர்கள்.

முதன்மை அளவீடாக எதை வைப்பது என்று கேட்டால், என் ஓட்டு தட அலைச்சலுக்குத்தான். எஸ்டிஎல்பி என்று சுருக்கமாகச் சொல்வார்கள்; பக்கவாட்டு நிலையின் திட்டவிலக்கம். நெதர்லாந்தில் ஜேம்ஸ் ஓ'ஹான்லன் 1980-களில் மருந்துகளின் விளைவை அளக்க நிஜ நெடுஞ்சாலையில் வளர்த்தெடுத்த சோதனையின் மையமே இதுதான். சுமார் 100 கி.மீ. தூரம், மணிக்கு 95 கி.மீ. வேகம், பக்கத்தில் இரட்டைக் கட்டுப்பாடுகளுடன் ஒரு பயிற்றுநர். அந்தச் சோதனையில் 0.05 சதவீத மது அலைச்சலைச் சுமார் 2.4 செ.மீ. கூட்டியது. இன்றும் தூக்க மாத்திரை போன்றவற்றின் விளைவை இந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறார்கள்.

வேகத்தை முதன்மை அளவீடாக வைக்காதீர்கள். போதையில் சிலர் வேகம் கூட்டுகிறார்கள், சிலர் உஷாராகி மெதுவாகப் போகிறார்கள். சராசரி எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒன்றுமே நடக்காதது போல் தெரியும். வேகத்தின் ஏற்ற இறக்கத்தை இரண்டாம் நிலை அளவீடாக வைக்கலாம்.

படி 2: நெறிமுறைக் குழு, பங்கேற்பாளர் தேர்வு

மனிதருக்கு மது கொடுக்கும் ஆய்வு என்பதால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு துளிகூட ஊற்றக் கூடாது. குழு கேட்கும் கேள்விகள் முன்கூட்டியே தெரிந்தவைதான்: யாரைச் சேர்ப்பீர்கள், எவ்வளவு கொடுப்பீர்கள், வாந்தி வந்தால் என்ன செய்வீர்கள், எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்.

சேர்க்கக் கூடாதவர்கள் பட்டியல் நீளமானது. சட்டப்படி மது அருந்தும் வயதை எட்டாதவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கல்லீரல், இதய, வலிப்பு நோய் உள்ளவர்கள், தூக்க மாத்திரை அல்லது மெட்ரோனிடசோல் மாதிரி மதுவோடு சேரக் கூடாத மருந்து எடுப்பவர்கள், சிறிது குடித்தாலே முகம் சிவந்து படபடப்பு வருபவர்கள். இவர்களோடு இரண்டு எதிர் முனைகளையும் விலக்க வேண்டும். குடிப் பழக்கமே இல்லாதவருக்கு ஆய்வுக்காக மதுவை அறிமுகப்படுத்துவது தவறு. குடி நோய் உள்ளவருக்குக் கொடுப்பதும் தவறு. பின்னவரைக் கண்டுபிடிக்க உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' வினாத்தாள் இருக்கிறது. 10 கேள்விகள், 8 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் எச்சரிக்கை. நீங்கள் கொடுக்கப்போகும் அளவு, அவர் வழக்கமாகத் தாமே குடிக்கும் அளவைத் தாண்டாமல் இருக்க வேண்டும்.

எத்தனை பேர்? ஒருவரையே எல்லா அளவுகளிலும் ஓட்டவிடும் வடிவமைப்புதான் இங்கே சரி. ஏனென்றால் தெளிந்த நிலையிலேயே ஒருவர் 18 செ.மீ. அலைவார், இன்னொருவர் 35 அலைவார். ஆளுக்கு ஆள் உள்ள இந்த வேறுபாட்டில் உங்கள் 4 செ.மீ. மூழ்கிவிடும். ஒருவரை அவரோடே ஒப்பிடும்போது, நடுத்தர அளவு விளைவைக் கண்டுபிடிக்க 34 பேர், பெரிய விளைவுக்கு 15 பேர் என்பது 80 சதவீதக் கண்டறியும் திறனுக்கான (விளைவு உண்மையில் இருந்தால் நூற்றில் 80 முறை அதைப் பிடிக்கும் திறனுக்கான) வழக்கமான கணக்கு. இதோடு சிமுலேட்டர் குமட்டலால் விலகுபவர்களுக்காகக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: இயந்திரம்

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். அயோவா பல்கலைக்கழகத்தில் முழுக் காரையும் ஒரு கோள அறைக்குள் வைத்து அந்த அறையையே நகர்த்தும் சிமுலேட்டர் இருக்கிறது. அது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், அசையாத இருக்கை, மூன்று திரைகள், விசை உணர்வு தரும் ஸ்டியரிங், கால் மிதிகள் கொண்ட அமைப்பிலேயே தட அலைச்சல் நன்றாகப் பிடிபடும். மென்பொருளில் கார்லா, ஓப்பன்டிஎஸ் போன்றவை திறந்த மூலத்தில் கிடைக்கின்றன. கார்லா தானியங்கி வாகன ஆய்வுக்காக உருவானது என்பதால் மனிதர் ஓட்டுவதற்கு ஸ்டியரிங்கையும் காட்சிகளையும் நீங்களே பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

கட்டாயம் சரிபார்க்க வேண்டியவை சில. ஸ்டியரிங்கைத் திருப்பியதிலிருந்து திரையில் காட்சி நகரும் வரையிலான தாமதம் 100 மில்லி வினாடிக்குள் இருக்கட்டும், எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தாமதம் கூடினால் தெளிந்தவரே தள்ளாடுவார். அப்புறம் எது மதுவால் வந்தது, எது கணினியால் வந்தது என்று பிரிக்க முடியாது. பக்கவாட்டு நிலை, வேகம், ஸ்டியரிங் கோணம், மிதிகளின் நிலை ஆகியவை நொடிக்கு குறைந்தது 20 முறை, முடிந்தால் 60 முறை பதிவாக வேண்டும். ஒவ்வொரு வரியிலும் நேர முத்திரை வேண்டும். ஸ்டியரிங்கின் நடுநிலையை ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் சரிபாருங்கள். அரை டிகிரி விலகல் இருந்தாலும் கார் ஒரு பக்கமாக இழுக்கும், ஓட்டுபவர் அதைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருப்பார்.

படி 4: சாலையை வரைவது

தட அலைச்சலை அளக்க மிகச் சிறந்த சாலை, சலிப்பூட்டும் சாலை. நேராகவும் மென்மையான வளைவுகளோடும் 40 முதல் 60 நிமிடம் நீளும் நெடுஞ்சாலை, குறைவான போக்குவரத்து, "மணிக்கு 95-இல் வலது தடத்தின் நடுவில் போங்கள்" என்ற ஒரே அறிவுறுத்தல். முதல் பத்து நிமிடங்களில் போதையில் இருப்பவர் கூட இழுத்துப் பிடித்து ஓட்டிவிடுவார். யாரோ கவனிக்கிறார்கள் என்ற நினைப்பே ஒரு மருந்து. நேரம் போகப் போக அந்த முயற்சி தளரும், அலைச்சல் வெளியே வரும். ஐந்து நிமிட ஓட்டத்தை வைத்து "0.05-இல் பாதிப்பு இல்லை" என்று எழுதிய ஆய்வை நான் நம்ப மாட்டேன்.

நகரச் சாலைக் காட்சிகளும் வேண்டுமானால் தனி ஓட்டமாக வையுங்கள். சந்திப்புகளும் கூர்மையான திருப்பங்களும் குமட்டலைக் கூட்டும், தட அலைச்சல் கணக்கையும் கெடுக்கும்.

எதிர்பாராத நிகழ்வுகளை, அதாவது முன்னே போகும் கார் சட்டென்று பிரேக் போடுவது, நிறுத்திய வண்டியின் பின்னாலிருந்து ஒருவர் சாலையில் இறங்குவது போன்றவற்றை, சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். முதல் தடவை மட்டும்தான் அது உண்மையில் எதிர்பாராதது. இரண்டாம் வருகையில் நிறுத்திய லாரியைப் பார்த்தவுடனேயே கால் பிரேக்குக்குப் போய்விடும். ஒவ்வொரு வருகைக்கும் நிகழ்வின் இடத்தையும் வகையையும் மாற்றுங்கள், நிகழ்வே நடக்காத போலி இடங்களையும் தூவி வையுங்கள். எதிர்வினை நேரம் 0.2 நொடி நீண்டது என்றால் அற்பமாகத் தோன்றலாம். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் போகிறது, 0.2 நொடி என்பது பிரேக் பிடிக்கும் முன்பே போய்விட்ட 5 மீட்டர்.

கவனப் பங்கீட்டையும் சோதிப்பது நல்லது. மது எளிய எதிர்வினையைக் கெடுப்பதற்கு முன்பே, ஒரே நேரத்தில் இரண்டைக் கவனிக்கும் திறனைக் கெடுக்கத் தொடங்குகிறது. இதற்கு ஐஎஸ்ஓ 17488 என்ற தரநிலைப்படியான கண்டறிதல் பணி இருக்கிறது. 3 முதல் 5 நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு விளக்கு ஒளிரும் அல்லது தோளில் கட்டிய அதிர்வி நடுங்கும். விரலில் கட்டிய பொத்தானை அழுத்த வேண்டும். 100 மில்லி வினாடிக்கு முன்பு வரும் அழுத்தல் ஊகம், 2,500-க்குப் பிறகு வருவது தவறவிட்டது. இந்தப் பணியை முழு ஓட்டத்திலும் வைக்காமல் குறிப்பிட்ட பகுதிகளில் மட்டும் வையுங்கள். தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தால் அதுவே ஆளை விழிப்பாக வைத்துவிடும்.

படி 5: மதுவை அளப்பது

இந்த ஆய்வின் இதயம் இங்கேதான் இருக்கிறது. சிமுலேட்டருக்கு ஆகும் கவனத்தில் பாதியாவது இதற்கு வேண்டும்.

முதலில் அலகுக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 0.05 சதவீதம், 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி., 0.5 பெர்மில் (ஆயிரத்தில் 0.5 பங்கு) மூன்றும் ஒன்றே. மூச்சில் அளந்தால் அது லிட்டருக்குச் சுமார் 0.24 மி.கி. ரத்தத்துக்கும் மூச்சுக்கும் 2100-க்கு 1 என்ற விகிதத்தை வைத்துப் பல கருவிகள் மாற்றிக் காட்டுகின்றன. உங்கள் கருவி எந்த அலகில் காட்டுகிறது என்று ஆய்வகச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

எவ்வளவு கொடுப்பது? சுவீடனின் எரிக் விட்மார்க் 1932-இல் வகுத்த சூத்திரம்தான் தொடக்கம். மது உடலின் நீர்ப்பகுதியில் பரவுகிறது. அந்தப் பரவல் காரணி ஆண்களுக்குச் சராசரியாக 0.68, பெண்களுக்கு 0.55. உடல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 0.015 சதவீதம் கழிக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு, குடிக்கத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் 0.08 சதவீதம் வேண்டும் என்றால், இலக்கையும் அந்த ஒரு மணி நேரக் கழிவையும் பெர்மிலுக்கு மாற்றி (0.8, 0.15) கூட்டி, காரணியாலும் எடையாலும் பெருக்க வேண்டும்:

(0.8 + 0.15) × 0.68 × 70 = 45 கிராம் தூய மது

மதுவின் அடர்த்தி 0.789 என்பதால் அது 57 மி.லி.; 40 சதவீத வோட்காவில் ஏறக்குறைய 143 மி.லி. அதே எடையுள்ள பெண்ணுக்கு 0.55-ஐப் போட்டால் 37 கிராமுக்குள் வந்துவிடும். ஆண் பெண் இருவருக்கும் எடையை மட்டும் வைத்து ஒரே கணக்கில் கொடுத்தால் பெண்கள் இலக்கைத் தாண்டிவிடுவார்கள். வயதையும் உயரத்தையும் சேர்த்து உடல் நீரைக் கணக்கிடும் வாட்சன் சூத்திரம் இன்னும் துல்லியமானது, விரிதாளில் போட்டுவிட்டால் வேலை ஒன்றும் அதிகமில்லை. எடையைக் கேட்டு எழுதாதீர்கள், தராசில் நிறுத்திப் பாருங்கள்.

சூத்திரம் சராசரி மனிதருக்குத்தான். நிஜ மனிதரின் இரைப்பை எப்போது வெறுமையாகும் என்று அதற்குத் தெரியாது. ஆகவே சில கட்டுப்பாடுகள் தேவை. வருவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து முழு உணவு கூடாது; வந்தபின் எல்லோருக்கும் ஒரே அளவிலான சிற்றுணவு. வோட்காவைப் பழச்சாற்றில் கலந்து மூன்று சம பங்குகளாக்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக 15 நிமிடத்தில் குடிக்க வைக்கலாம். வாயுப் பானத்தில் கலக்க வேண்டாம், உறிஞ்சும் வேகம் மாறக்கூடும்.

குடித்து முடித்து 15 நிமிடத்துக்குள் மூச்சை அளந்தால் வாயில் தங்கிய மதுதான் தெரியும், எண் தாறுமாறாக எகிறும். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, 15 நிமிடம் காத்திருந்து, அதன்பின் பத்து நிமிட இடைவெளியில் அளந்துகொண்டே வாருங்கள்.

அடுத்தது வளைகோடு. 0.08-ஐ நோக்கி ஏறும்போது 0.06-ஐக் கடப்பதும், 0.08-இலிருந்து இறங்கும்போது 0.06-ஐக் கடப்பதும் ஒன்றல்ல. எட்வர்ட் மெலன்பி 1919-இல் நாய்களை வைத்துச் செய்த ஆய்விலேயே இதைக் கண்டார்: ஒரே அளவில், ஏறும்போது போதை அதிகமாகத் தெரிகிறது. மனிதரில் இது இன்னும் வில்லங்கமாக வெளிப்படுகிறது. இறங்குமுகத்தில் "எனக்குத் தெளிந்துவிட்டது, ஓட்டலாம்" என்ற உணர்வு சீக்கிரம் திரும்பிவிடுகிறது. ஸ்டியரிங் கட்டுப்பாடு அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை. எனவே பாதிப் பேரை ஏறுமுகத்திலும் மீதிப் பேரை இறங்குமுகத்திலும் ஓட்டவிட்டு ஒன்றாகச் சேர்த்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இருக்காது. எந்தப் பக்கம் என்று முடிவு செய்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் மூச்சை அளந்து, இரண்டு எண்களையும் அறிக்கையில் கொடுங்கள். ஓட்டம் ஒரு மணி நேரம் என்றால் அதற்குள்ளேயே 0.015 இறங்கியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 6: போலி பானம்

போலி பானம் இல்லாத மது ஆய்வு பாதி ஆய்வு. தாம் குடித்திருக்கிறோம் என்ற நம்பிக்கையே ஓட்டுவதை மாற்றும். தடுமாறுவோம் என்று எதிர்பார்ப்பவர் கூடுதல் கவனம் எடுத்து ஈடுகட்டுவார். எதிர்பார்க்காதவர் ஈடுகட்ட மாட்டார்.

செய்முறை எளிது. அதே சாறு, அதே அளவு, அதே கண்ணாடிக் குவளை. மேலே இரண்டு மூன்று மி.லி. மது மிதக்க வைத்து, விளிம்பில் கொஞ்சம் தெளித்துவிட்டால் மூக்குக்கு மது வாசனை போய்ச் சேரும். கலப்பவர் வேறு, ஓட்டத்தை நடத்துபவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். மூச்சுக் கருவியின் எண்ணைப் பங்கேற்பாளரும் பார்க்கக் கூடாது, ஓட்டத்தை நடத்துபவரும் பார்க்கக் கூடாது.

இது 0.05 வரை ஓரளவு எடுபடும். 0.08-இல் பெரும்பாலோர் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு வருகையின் முடிவிலும் "இன்று எவ்வளவு குடித்ததாக நினைக்கிறீர்கள்" என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

படி 7: பழக்கமும் வரிசையும்

முதல் வருகையில் மது வேண்டாம். பழகுவதற்கு மட்டும். சிமுலேட்டரில் ஓட்டக் கற்றுக்கொள்ளும் முன்னேற்றம் முதல் அரை மணி நேரத்தில்தான் வேகமாக நடக்கும். அந்தக் கற்றல் ஆய்வு நாட்களுக்குள் நுழைந்தால், முதல் நாள் போலி பானம் குடித்தவர் இரண்டாம் நாள் போதையில் "நன்றாக" ஓட்டியதாகத் தெரியும்.

குமட்டல் வருபவர்களை இதே வருகையில் வடிகட்டுங்கள். கென்னடியும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட 16 அறிகுறிகள் கொண்ட சிமுலேட்டர் குமட்டல் வினாத்தாள் இதற்கு நடைமுறைத் தரம். ஒவ்வொரு அறிகுறிக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மதுவும் தலைசுற்றலைத் தரும் என்பதால், குமட்டல் சாய்வுள்ளவரை உள்ளே விட்டால் இரண்டும் கலந்து எதுவும் புரியாமல் போகும்.

போலி பானம், 0.05, 0.08 என்று மூன்று நிலைகள் இருந்தால் வரிசைகள் ஆறு. ஆட்களின் எண்ணிக்கையை ஆறின் மடங்காக வைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் சமமாகப் பிரியுங்கள். வருகைகளுக்கு நடுவே ஒரு வாரம் விடுவது வசதி. எல்லா வருகைகளும் நாளின் ஒரே நேரத்தில் இருக்கட்டும். பிற்பகலில் இயல்பாகவே கண் சொருகும்.

தூக்கத்தைப் பற்றிக் கேட்காமல் விடாதீர்கள். டாசனும் ரீடும் 1997-இல் காட்டியபடி, 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன் 0.05 சதவீத மது அருந்தியவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதிகாலையில் எழுந்துவிட்டு இரவு ஒன்பதுக்கு உங்கள் ஆய்வகத்துக்கு வருபவர், குடிக்காமலே அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

படி 8: ஆய்வு நாள்

மாலை நான்கு மணி வருகை என்று வைத்துக்கொள்வோம். நடை இப்படி இருக்கும்.

4:00. மூச்சுச் சோதனை. பூஜ்ஜியம் இல்லாவிட்டால் அன்றைய வருகை ரத்து. எடை, தூக்கம், மருந்து, கடைசியாகச் சாப்பிட்ட நேரம். பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. சாவியை வாங்கிப் பூட்டி வையுங்கள். இது பேச்சுவார்த்தைக்கு உரியது அல்ல.

4:20. சிற்றுணவு, கழிப்பறை. பிறகு ஐந்து நிமிட நினைவூட்டல் ஓட்டம்.

4:45 முதல் 5:00 வரை பானம். பக்கத்தில் ஒருவர் இருந்து, ஒவ்வொரு பங்கும் எந்த நிமிடத்தில் முடிந்தது என்று எழுத வேண்டும்.

5:15-இலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு மூச்சு. உச்சத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கும்போது ஓட்டம் என்று முடிவு செய்திருந்தால், இரண்டு அளவீடுகள் தொடர்ந்து குறையும் வரை காத்திருங்கள். கடிகாரத்தைப் பார்த்து மட்டும் தொடங்கினால் சிலர் இன்னும் ஏறிக்கொண்டிருப்பார்கள். இலக்கை 0.02-க்கு மேல் தாண்டியவரை ஓட்டவிட வேண்டாம் என்பது என் விதி.

ஓட்டத்துக்குச் சற்று முன்பு இரண்டு கேள்விகள்: எவ்வளவு போதையாக இருக்கிறது, இப்போது நிஜக் கார் ஓட்டச் சம்மதிப்பீர்களா. இந்தப் பதிலையும் அடுத்து வரும் எஸ்டிஎல்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான், என்னைப் பொறுத்தவரை, முழு ஆய்விலும் சுவாரசியமான இடம். கார் அலைய அலைய, "ஓட்டலாம்" என்று சொல்லியிருப்பார்கள்.

ஓட்டம் முடிந்ததும் மூச்சு, குமட்டல் வினாத்தாள், பான ஊகம். அதன்பின் நீண்ட காத்திருப்பு. 0.08-இலிருந்து 0.02-க்கு வர நான்கு மணி நேரம் ஆகும், மணிக்கு 0.015 என்பதை எந்தக் காபியும் குளிர்ந்த நீரும் வேகப்படுத்தாது. உணவு, படம் பார்க்க வசதி, படுக்க இடம் எல்லாம் இருக்கட்டும். அனுப்பும்போது வாடகைக் காரில் அனுப்புங்கள். போலி பானம் குடித்தவரையும் அதே நேரம் காக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருகையில் குட்டு வெளிப்பட்டுவிடும். நேர இழப்புக்கு ஈட்டுத்தொகை கணக்கிடும்போது இந்தக் காத்திருப்பையும் சேருங்கள்.

படி 9: தரவைக் கையாள்வது

கோப்பைத் திறந்ததும் முதலில் படம் வரையுங்கள். நேரம் ஒரு அச்சில், பக்கவாட்டு நிலை மறு அச்சில். தெளிந்த நாளின் கோடு சிறு சிறு திருத்தங்களோடு நடுங்கும். போதை நாளின் கோடு நீண்ட அலையாக ஒரு பக்கம் சாய்ந்து, தாமதமாகத் தட்டி மறுபக்கம் திரும்பும். இதைக் கண்ணால் பார்த்தபின் எண்ணுக்குப் போவது நல்லது.

தடம் மாறிய பகுதி, முந்திய பகுதி, திடீர் நிகழ்வுக்கு முன்னும் பின்னும் சில நொடிகள் ஆகியவற்றை வெட்டிவிட்டு, மீதியைச் சம நீளத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் திட்டவிலக்கம் கணக்கிட்டு, பிறகு சராசரி எடுங்கள். முழு ஓட்டத்துக்கும் ஒரே அடியாகக் கணக்கிட்டால், ஒருவர் முதல் பாதியில் இடது சாய்ந்தும் மறு பாதியில் வலது சாய்ந்தும் ஓட்டியதே அலைச்சலாகத் தெரியும். எந்த நீளத் துண்டு என்பதை அறிக்கையில் சொல்லாவிட்டால் மற்றவர்கள் உங்கள் எண்ணோடு ஒப்பிட முடியாது.

பகுப்பாய்வுக்குக் கலப்பு விளைவு மாதிரி பொருத்தமானது: ஒவ்வொருவருக்கும் தனித் தொடக்கப் புள்ளி, நிலைக்கும் வருகை வரிசைக்கும் நிலையான விளைவு. இலக்கு அளவை மட்டும் போடாமல், உண்மையில் அளந்த மூச்சு எண்ணைப் போட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 0.08 என்று பெயரிட்ட குழுவில் 0.065-உம் இருக்கும், 0.09-உம் இருக்கும்.

விலகியவர்களைச் சத்தமில்லாமல் நீக்காதீர்கள். 0.08 நாளில் பாதியில் நிறுத்தியவர் பெரும்பாலும் அதிகம் பாதிக்கப்பட்டவர். அவரை நீக்கினால் மதுவின் விளைவு சிறியதாகிவிடும்.

படி 10: எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

பிளாவ் 1982-இல் சிமுலேட்டரையும் கருவி பொருத்திய நிஜக் காரையும் ஒப்பிட்டுப் பிரித்துக் காட்டிய வேறுபாடு இங்கே உதவும். சிமுலேட்டரில் வந்த சென்டிமீட்டரும் சாலையில் வரும் சென்டிமீட்டரும் ஒன்றாக இருந்தால் அது முழுப் பொருத்தம். எண் வேறாக இருந்தாலும், மது கூடக் கூட இரண்டிலும் ஒரே திசையில் ஏறினால் அது ஒப்பீட்டுப் பொருத்தம். பெரும்பாலான சிமுலேட்டர்களிடம் இரண்டாவதுதான் இருக்கிறது. சாலையின் அதிர்வு இல்லை, உயிர் பயம் இல்லை, அலைச்சல் பொதுவாகச் சாலையைவிடக் கூடுதலாகவே வரும். ஆகவே "0.05-இல் போலி பானத்தைவிட அலைச்சல் இவ்வளவு கூடியது" என்று எழுதலாம். "விபத்து இத்தனை மடங்கு கூடும்" என்று எழுதக் கூடாது. தொடக்கத்தில் போட்ட 19 மடங்குக் கணக்கும் சிறு மாற்றத்தின் எடையைக் காட்டத்தான். அதை விபத்து எண்ணிக்கையாகப் படிக்கக் கூடாது.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. 20 பேரை வைத்து 0.03-இல் வேறுபாடு தெரியவில்லை என்றால் "0.03 பாதுகாப்பானது" என்று ஆகிவிடாது. மாஸ்கோவிட்ஸும் ஃபியோரென்டினோவும் 2000-இல் 112 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 0.05-க்குள்ளேயே பெரும்பாலான ஆய்வுகள் ஏதோ ஒரு பாதிப்பைக் கண்டிருந்தன, 0.08-இல் அது 94 சதவீதமானது. எந்தப் பணியைக் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்து எல்லை மாறியது. உங்கள் ஓட்டம் எளிதாக இருந்தால் உங்கள் எல்லையும் மேலே போகும். ஆகவே "வேறுபாடு இல்லை" என்று எழுதும் இடத்திலெல்லாம் 95 சதவீத நம்பக எல்லையை, அதாவது உங்கள் தரவுக்கு ஒத்துப்போகும் விளைவுகளின் வீச்சை, சென்டிமீட்டரில் கொடுங்கள். எல்லை 1 குறைவிலிருந்து 5 கூடுதல் வரை நீண்டால், நாம் தொடக்கத்திலிருந்து தேடிய அந்த 4 செ.மீ. அதற்குள்ளேயேதான் இருக்கிறது, இன்னும் ஆட்களைச் சேர்க்க வேண்டும்.